பழுக்கும் வேளையில் கெடும் பழம்: அறிகுறியிலிருந்து பூச்சியை இனங்கண்டு தடுக்கும் முறை

மா, கொய்யா, மாதுளைத் தோப்புகளில் பழம் பழுக்கத் தொடங்கியதும் சேதம் கண்ணில் படுகிறது. பட்ட உடனே பெரும்பாலான விவசாயிகள் மருந்துக் கடைக்குச் செல்கிறார்கள். ஆனால் பழுத்த பழத்தில் நாம் காணும் சேதத்துக்கும் அதை உண்டாக்கிய பூச்சி பழத்துக்குள் நுழைந்த நாளுக்கும் இடையே சில நாள் முதல் சில மாதம் வரை இடைவெளி இருக்கிறது. பழ ஈ என்றால் அந்த இடைவெளி ஓரிரு வாரம். மாங்கொட்டை வண்டு என்றால் அது பிஞ்சுப் பருவத்திலேயே முடிந்துபோன காரியம். எந்தப் பூச்சி, எப்போது நுழைந்தது என்ற இரண்டும் தெரியாமல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீணாகிறது. அறுவடைக்கு அருகில் அடிப்பதால் அதன் எச்சம் உண்பவரின் வயிற்றுக்குச் செல்கிறது. ஆகவே இந்த வழிமுறையை பூச்சியின் பெயரிலிருந்து தொடங்காமல், தோப்பில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது: அறுத்துப் பார்த்தல்

தோப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் உள்ள மரங்களிலிருந்து, மரத்தில் தொங்கும் பழங்களையும் தரையில் விழுந்த பழங்களையும் தனித்தனியாகச் சேகரிக்க வேண்டும். தரையில் கிடப்பதை மட்டும் பார்த்தால் சேதம் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். மரத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் குறைவாகத் தோன்றும். ஒவ்வொரு பழத்தையும் அறுக்கும் முன் தோலைச் சுற்றிலும் பார்த்து, துளை, புள்ளி, பிசின், கழிவு ஆகியவற்றில் எது இருக்கிறது, காம்புப் பக்கமா, பக்கவாட்டிலா, நுனியிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தின் வழியாகவே கத்தியை இறக்கி, தோலிலிருந்து உள்ளே போகும் பாதையைத் தொடர்ந்து பாருங்கள். மாம்பழமாக இருந்தால் கொட்டையையும் பிளந்து பார்க்காமல் விடக்கூடாது. எந்த ரகம், எந்த நாளில் பறித்தது என்பதையும் எழுதி வைத்தால், அடுத்த பருவத்தில் எந்த வாரத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

அறிகுறி ஒன்று: தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளி, பழுத்தபின் உள்ளே நைந்த சதையும் வெள்ளைப் புழுவும்

இது பழ ஈயின் வேலை. நம் பகுதித் தோப்புகளில் மாவையும் கொய்யாவையும் தாக்குவதில் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் முதன்மையானது. அதன் நெருங்கிய இனங்களான பாக்ட்ரோசெரா கரெக்டா, பாக்ட்ரோசெரா சொனாட்டா ஆகியவையும் சேர்ந்தே காணப்படும். வீட்டு ஈயின் அளவே உள்ள இந்த ஈயின் உடல் பழுப்பும் மஞ்சளும் கலந்தது. இடுப்பு குளவியைப் போல் ஒடுங்கியிருக்கும். பெண் ஈ தன் வயிற்று நுனியில் உள்ள கூரிய உறுப்பால் தோலைத் துளைத்து, தோலுக்கு அடியில் முட்டைகளைக் கொத்தாக இடுகிறது. மாங்காயில் அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பிசின் கசிந்து உறைந்திருக்கும். கொய்யாவில் துளையைச் சுற்றி ஒரு சிறு பள்ளமும் கரும்பச்சை வட்டமும் தோன்றும். ஓரிரு நாளில் முட்டை பொரித்து, புழுக்கள் சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகின்றன. அவற்றோடு நுழையும் நுண்ணுயிர்கள் சதையை அழுகச் செய்வதால், பழம் தொட்டால் அமுங்கும் நிலைக்கு வந்து உதிர்கிறது.

பழத்தை அறுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் அடையாளம் உறுதியாகிவிடும். புழுவுக்குக் கால் இல்லை. தலைப்பக்கம் கூர்ந்தும் பின்பக்கம் தட்டையாக வெட்டியது போலவும் இருக்கும். நன்கு வளர்ந்த புழு உடலை வளைத்துத் தலையும் வாலும் சேரும்படி சுருட்டி, சட்டென்று விடுவித்துத் துள்ளும். இப்படித் துள்ளும் புழுவைக் கண்டால் வேறு எதையும் ஐயுற வேண்டியதில்லை. துள்ளிப் பழத்தை விட்டு வெளியேறும் அந்தப் புழு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து, கோதுமை மணியைப் போன்ற பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒன்றரை வாரத்தில் ஈயாக வெளிவருகிறது. முட்டையிலிருந்து ஈ வரை மொத்தம் மூன்று வாரம் அளவே ஆவதால், ஒரு மாம்பழப் பருவத்துக்குள்ளேயே பல தலைமுறைகள் பெருகிவிடுகின்றன. முதலில் பழுக்கும் ரகங்கள் ஓரளவு தப்புவதும், கடைசியில் வரும் நீலம் கோடை மழைக்குப் பின் பெரும் அடி வாங்குவதும் இதனால்தான்.

பரிகாரத்தின் வேர் தரையில் இருக்கிறது. உதிர்ந்த பழம் ஒவ்வொன்றும் அடுத்த தலைமுறையின் பிறப்பிடம். வாரத்தில் இரண்டு முறையேனும், முடிந்தால் நாள்தோறும், விழுந்தவற்றைப் பொறுக்கி அகற்றுவதைவிடப் பயனுள்ள வேலை பழ ஈ விஷயத்தில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பொறுக்கியதை வரப்பில் குவித்து வைப்பதோ எருக்குழியின் மேல் கொட்டுவதோ வேலையைக் கெடுத்துவிடும். புழு அங்கிருந்தே மண்ணுக்குள் இறங்கிவிடும். இரண்டு அடிக்குக் குறையாத குழியில் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குங்கள். அல்லது தடித்த கறுப்புப் பாலித்தீன் பையில் இட்டு வாயைக் கட்டி, வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் போட்டு வையுங்கள். மரத்தடியில் மண்ணை மேலோட்டமாகக் கிளறி விட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். தோப்பில் நாட்டுக் கோழிகளை மேயவிடுவோர் இந்தப் பலனைத் தனிச் செலவின்றி அடைகிறார்கள்.

மரத்தின் மேல் செய்ய வேண்டியது பறிக்கும் நேரத்தைச் சரியாகக் கணிப்பது. காய் நன்கு முற்றிய நிலையில், மரத்தில் பழுக்க விடாமல் பறித்தால் ஈ முட்டையிடும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. முற்றியதா என்று அறிய ஒரு வாளித் தண்ணீர் போதும்: முற்றிய மாங்காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். தோளிரண்டும் காம்புக்கு மேல் எழும்பி நிற்பதும் முற்றலின் அடையாளம். கொய்யாவில் கரும்பச்சை வெளிறி இளமஞ்சள் ஓடத் தொடங்கும் நாளிலேயே பறித்துவிட வேண்டும். ஆயக்குடிப் பக்கம் போல் கொய்யாவையே நம்பி வாழும் ஊர்களில், மழைக்காலக் காய்ப்பில்தான் புழு மிகுதி. கவாத்து, நீர் நிறுத்தம் ஆகியவற்றால் பூப்பைத் தள்ளி, குளிர்காலக் காய்ப்பைப் பெருக்கிக்கொள்பவர்களுக்கு ஈயின் தொல்லை கண்கூடாகக் குறைகிறது.

பழத்துக்கு உறை போடுவதும் கைகண்ட முறையே. கொய்யாவுக்கு எலுமிச்சை அளவிலும், மாவுக்குக் கோழிமுட்டை அளவைத் தாண்டியதும் உறையிடலாம். முற்றத் தொடங்கிய பின் உறை போட்டால், ஏற்கெனவே உள்ளே இட்ட முட்டைகளுக்கு நாமே நிழல் அமைத்துக் கொடுத்ததாகிவிடும். உயரமான பழைய மாமரங்களுக்கு இது கட்டுப்படியாகாது; அடர் நடவில் குட்டையாக வளர்க்கும் மரங்களுக்கும், இமாம்பசந்த் போன்று விலை மிகுந்த ரகங்களுக்கும் கூலி கொடுத்தாலும் கட்டுப்படியாகும்.

பொறி வைத்தும் புழு குறையவில்லை என்றால்

இந்தக் குறை அடிக்கடி வருவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழ ஈயை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் பொறிகளில் மா, கொய்யாவுக்கு வைக்க வேண்டிய கவர்ச்சிப் பொருள் மெத்தில் யூஜினால். கடைகளில் இதோடு கியூலூர் என்ற இன்னொன்றும் அதே வடிவ மரக்கட்டையில் ஊறவைத்து, அதே நிறப் பொறியில் விற்கப்படுகிறது; அது பாகல், புடலை, பீர்க்கு போன்ற கொடிக் காய்களைத் தாக்கும் ஈக்கு உரியது. மாந்தோப்பில் கியூலூர் வைத்தால் டார்சாலிஸ் திரும்பியும் பார்க்காது. எனவே முதலில் உறையில் உள்ள பெயரைப் படியுங்கள்.

பெயர் சரியாக இருந்து, பொறியில் ஈக்கள் குவிந்தும் பழத்தில் புழு இருக்குமானால், காரணம் வேறு. மெத்தில் யூஜினால் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். பழத்தைக் குத்தும் பெண் ஈ அந்தப் பொறிக்குள் வருவதில்லை. ஆண்களைப் பெருமளவில் அழித்தால் பெண்கள் இணையின்றிக் கருவுறாத முட்டைகளை இடும் என்பதே இம்முறையின் அடிப்படை. ஒரு தோப்பில் மட்டும், அதுவும் பழம் பழுக்கத் தொடங்கிய பின், நான்கைந்து பொறிகளைத் தொங்கவிட்டால், பக்கத்துத் தோப்பில் இணை சேர்ந்த பெண்கள் பறந்து வந்து முட்டையிடுவதை எதுவும் தடுக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 25 இடங்களில், அதாவது ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கில், பொறி வைக்கச் சொல்கிறது. இதை அறுவடைக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே தொடங்கி, அண்டைத் தோப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். ஊரே சேர்ந்து வைக்கும் இடத்துக்கும் ஒருவர் மட்டும் வைக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தவர்கள் பொறியைக் குறை சொல்ல மாட்டார்கள். குத்தகைக்கு விட்ட தோப்புகளில் உரிமையாளரும் குத்தகைதாரரும் இந்தச் செலவை யார் ஏற்பது என்று காத்திருந்தே நாளைக் கடத்துகிறார்கள்; குத்தகை பேசும்போதே இதைப் பேசி முடிப்பது நல்லது.

பொறியின் இடமும் முக்கியம். ஆள் உயரத்தில், இலை நிழலில், ஆனால் நுழைவுத் துளைகளை இலை மறைக்காதபடி தொங்கவிட வேண்டும். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் கட்டை விரைவில் காய்ந்துவிடும். கட்டி வைக்கும் கம்பியில் சிறிது கிரீஸ் தடவாவிட்டால், எறும்புகள் செத்த ஈக்களை ஒன்று விடாமல் இழுத்துச் சென்றுவிடும். பொறி வெறுமையாக இருப்பதைக் கண்டு ஈயே இல்லை என்று தவறாக முடிவு செய்ய நேரும். பருவம் முழுவதற்கும் ஒரே கட்டை போதாது. உறையில் குறித்த கால அளவில் மாற்ற வேண்டும். கையில் பொறி இல்லாதபோது ஈ வந்துவிட்டதா என்று மட்டும் அறிய விரும்பினால், துளசி இலையைக் கசக்கி ஒரு தட்டில் வைத்துக் காலை வேளையில் பாருங்கள். துளசியில் மெத்தில் யூஜினால் இயல்பாகவே உள்ளதால் ஆண் ஈக்கள் வந்து அமரும்.

பெண் ஈயைப் பிடிக்க வேண்டுமானால் அதன் பசியைப் பயன்படுத்த வேண்டும். முட்டை முதிர்வதற்குப் புரதம் தேவைப்படுவதால், புரதக் கரைசலும் வெல்லமும் கலந்த நச்சுணவை நோக்கி அது வருகிறது. மரம் முழுவதும் நனையும்படி அடிக்காமல், அடிமரத்திலும் தாழ்ந்த கிளைகளின் இலைகளிலும் திட்டுத்திட்டாகத் தெளித்தால் போதும். பழத்தில் மருந்து படுவதில்லை, இயற்கை எதிரிகளும் பிழைக்கின்றன. மழை பெய்தால் கழுவிப் போய்விடும் என்பதால் மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும்.

முசுறு எறும்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு நடமாடும் மரங்களில் பழ ஈ முட்டையிடத் தயங்குகிறது என்பது ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலும் மாந்தோப்புகளில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. பறிப்பவரைக் கடிக்கும், மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் வளர்க்கும் என்ற இரு குறைகள் அதற்கு உண்டு. ஆனாலும் பழ ஈ கடுமையாக உள்ள தோப்பில் கூட்டைக் கண்டதும் தீ வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அறிகுறி இரண்டு: வெளியே குறையே இல்லை, கொட்டையைப் பிளந்தால் சொத்தையும் கறுப்புத் தூளும்

இது மாங்கொட்டை வண்டு. சிலர் கூன் வண்டு என்பார்கள். காய் கோலிக்குண்டு அளவைத் தாண்டும் பருவத்தில் பெண் வண்டு தோலில் ஒரு சிறு குழி கீறி, அதில் ஒரு முட்டையை வைத்து மூடி, அதன் அருகே பிறை வடிவில் ஒரு வெட்டு வெட்டுகிறது. வெட்டிலிருந்து வடியும் பால் முட்டையின் மேல் படிந்து உறைந்து காப்பாகிறது. புழு சதை வழியாக இன்னும் இறுகாத கொட்டைக்குள் புகுந்துகொள்ள, காய் வளர வளர அந்தப் பாதை தடமில்லாமல் ஆறிவிடுகிறது. பிஞ்சிலேயே தோலில் உறைந்த பழுப்புப் பால் கறையைக் கூர்ந்து தேடினால் ஒழிய, பழுத்தபின் வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பழுத்த பிறகு வண்டு கொட்டையையும் சதையையும் துளைத்து வெளியேறினால் மட்டுமே துளை தெரியும்.

இங்கே மருந்தைத் தூக்க வேண்டாம் என்பதே முதல் அறிவுரை. பழுத்த பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் வண்டை எந்தத் தெளிப்பும் தொடாது. நல்வாய்ப்பாக இந்த வண்டுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். அது நெடுந்தொலைவு பறப்பதும் இல்லை. பழத்திலிருந்து வெளிவந்த வண்டு அதே தோப்பில் பட்டை வெடிப்பிலும் கிளைக் கவையிலும் மரத்தடிக் குப்பையிலும் பதுங்கி, அடுத்த பூப்பு வரை அசையாமல் கிடக்கிறது; தொட்டால் செத்தது போல் காலை மடக்கி விழும். ஆகவே தோப்பின் இந்த ஆண்டு வண்டே தோப்பின் அடுத்த ஆண்டுச் சேதம். அறுவடை முடிந்ததும் தரையில் ஒரு கொட்டைகூடக் கிடக்காமல் பொறுக்கி எரிக்க வேண்டும். வேலையாட்கள் தின்று எறிந்த கொட்டையும் இதில் அடங்கும். பட்டையிடுக்குகளைச் சுரண்டித் துப்புரவு செய்து, பூப்புக்கு முன் அடிமரத்தையும் முதன்மைக் கிளைகளையும் கவனிக்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அதற்குரிய காலம் காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதுதான். நாற்றங்காலுக்குக் கொட்டை வாங்குவோர் எங்கிருந்து வாங்குகிறோம் என்று பார்ப்பது நல்லது; வண்டில்லாத தோப்புக்கு அது வந்து சேரும் முதன்மையான வழி கொட்டைதான்.

இந்தச் சேதத்தின் கடுமை யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. சதை பெரும்பாலும் கெடாததால் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்தில் இது பெரிய இழப்பாகத் தெரியாது. ஏற்றுமதியில் ஒரு வண்டுகூட ஏற்கப்படாது. 2007 முதல் அமெரிக்காவுக்கு இந்திய மாம்பழம் செல்லும்போது 400 கிரே அளவு கதிர்வீச்சு கட்டாயமாக்கப்பட்டதற்குப் பழ ஈயோடு இந்த வண்டும் ஒரு காரணம். கொட்டைக்குள் மறைந்திருப்பதை வேறு எளிய வழியில் ஒழிக்க முடியாது.

அறிகுறி மூன்று: வட்டமான பெரிய துளை, துளை வாயில் கழிவு, கெட்ட நாற்றம்

மாதுளையில் இதைக் கண்டால் அது மாதுளை வண்ணத்துப்பூச்சியின் புழு. பூவின் புல்லிக் கிண்ணத்திலும் இளங்காயின் மேலும் பெண் பூச்சி ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. புழு துளையிட்டு உள்ளே புகுந்து மணிகளைத் தின்கிறது. தடித்த உடலும் குட்டை மயிரும் வெளிறிய திட்டுகளும் கொண்ட கரும்பழுப்புப் புழுவை உள்ளே காணலாம். துளை வழியே கசியும் கழிவும், தொடர்ந்து வரும் பூஞ்சையும் நுண்ணுயிரும் சேர்ந்து பழத்தை அழுக்குகின்றன. கிட்டப் போகும் முன்பே நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இதே பூச்சி கொய்யாவையும் நெல்லியையும் தாக்குவதால், மூன்றும் கலந்து வைத்த தோட்டத்தில் ஆண்டு முழுவதும் அதற்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

துளை விழுந்த பழத்தைக் காப்பாற்ற முடியாது. பறித்து அழித்துவிட வேண்டும். காப்பாற்றக்கூடியது அடுத்து வரும் காய். மகரந்தச் சேர்க்கை முடிந்து காய் பிடித்ததும் புல்லிக் கிண்ணத்தை நறுக்கி விட்டால் முட்டையிட வசதியான மறைவிடம் போய்விடும். காய் எலுமிச்சை அளவு ஆகும்போது துணியோ காகிதமோ கொண்டு உறையிடுவது இன்றும் நம்பகமான தடுப்பு. உறையிடும் முன் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளித்தால் பூச்சி முட்டையிடத் தயங்கும். பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் சிறு குளவியான டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியைப் பூக்கும் பருவத்திலிருந்து விடுவதானால், அதன் முன்னும் பின்னும் சில நாள் எந்த இரசாயன மருந்தும் தெளிக்கக்கூடாது. இல்லையேல் காசு கொடுத்து வாங்கிய ஒட்டுண்ணியை நாமே கொன்றதாகும்.

கொய்யாவில் இதைப் போன்ற துளையோடு, கழிவும் நூலாம்படையும் சேர்ந்து அப்பியிருந்தால் அது ஆமணக்குக் காய் துளைப்பானாக இருக்கலாம். மஞ்சள் இறக்கையில் கரும்புள்ளிகள் தெளித்த சிறு அந்துப்பூச்சியின் புழு அது. பெயருக்கேற்ப ஆமணக்கிலும், மஞ்சள், இஞ்சி, ஏலம் ஆகியவற்றின் தண்டிலும் வளர்வதால், கொய்யாத் தோட்டத்தின் வேலியோரத்தில் வரிசையாக ஆமணக்கு வைத்திருப்போர் அதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி நான்கு: மாலையில் நன்றாக இருந்த பழத்தில் காலையில் துளை, சாறு வடிதல், உள்ளே புழு இல்லை

அறுத்துப் பார்த்தும் புழு இல்லை, கழிவு இல்லை, துளையைச் சுற்றிச் சதை மட்டும் பஞ்சு போல் உலர்ந்தோ நைந்தோ இருக்கிறது என்றால் அது சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. மற்ற அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் மென்மையானது. இதனுடையதோ நுனியில் கூரிய முள்ளும் அரமும் கொண்டது, உறுதியான பழத்தோலையும் அறுத்து நுழையும். முன்னிறக்கை காய்ந்த இலையைப் போல் பழுப்பாக இருப்பதால் பகலில் கண்ணுக்குத் தட்டுப்படாது. அது இறக்கை விரிக்கும்போது மட்டும் ஆரஞ்சு நிறப் பின்னிறக்கையும் அதில் கறுப்புப் பட்டையும் பளிச்சென்று தெரியும். மாதுளை, ஆரஞ்சு, சாத்துக்குடி, கொய்யா ஆகியவை இதற்கு விருப்பமானவை. அது குத்திய துளை வழியே பூஞ்சையும் வேறு ஈக்களும் நுழைந்து பழத்தை அழுக்குவதால், பலர் கடைசியில் வந்த ஈயையே குற்றவாளி என்று எண்ணிவிடுகிறார்கள்.

உறுதி செய்ய, இருட்டியதும் கைவிளக்கோடு தோட்டத்தைச் சுற்றுங்கள். பழத்தின் மேல் அமர்ந்திருக்கும் அந்தின் கண்கள் வெளிச்சத்தில் மின்னும். அமர்ந்து குடிக்கும்போது எளிதில் பறக்காது. வலையால் பிடித்து நசுக்கிவிடலாம், சிறு தோட்டங்களில் இதுவே போதுமான கட்டுப்பாடாகிவிடுகிறது. இதன் புழு பழத்தில் வளர்வதில்லை. வேலியில் படரும் சீந்தில், கட்டுக்கொடி போன்ற கொடிகளின் இலையைத் தின்று வளர்கிறது. ஆகவே பழ மரத்துக்கு எத்தனை மருந்து அடித்தாலும் பூச்சி வேலியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மழைக்குப் பின் கொடிகள் தழைக்கும் மாதங்களில் தோட்டத்தைச் சுற்றி அவற்றை வேரோடு அகற்ற வேண்டும். சீந்திலை மருந்துக்காகப் பேணுவோர் அதைத் தோட்டத்திலிருந்து தள்ளி ஓரிடத்தில் வைத்து, புழு வந்தால் பொறுக்கலாம். பழம் பழுக்கும் வாரங்களில் பொழுது சாயும் நேரம் காற்று வரும் திசையில் சருகை மூட்டிப் புகை போடுவதும், வெல்லக் கரைசலில் நச்சுணவு வைப்பதும் வழக்கம். அழுகி விழுந்த பழத்தின் மணம் மேலும் அந்துகளை அழைப்பதால், இங்கும் தரைத் துப்புரவு கட்டாயம்.

அறிகுறி ஐந்து: தோலில் சொறி அல்லது கறுப்புப் படலம்

கொய்யாக் காயில் தக்கை போன்று வெடித்த பழுப்புச் சொறிகள் இருந்து, உள்ளே சதை நன்றாக இருந்தால் பெரும்பாலும் அது தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி இளங்காயில் உறிஞ்சிய வடு. தளிரும் மொட்டும் வரும் பருவத்தில் கவனிக்க வேண்டியது அது. பழுக்கும்போது செய்ய ஒன்றுமில்லை, உண்பதற்கும் தீங்கில்லை. மாம்பழத் தோலில் கரி பூசியது போன்ற படலம் இருந்து, ஈரத் துணியால் துடைத்தால் போய்விட்டால், அது தத்துப்பூச்சியோ மாவுப்பூச்சியோ கழித்த தேன்கழிவின் மேல் வளர்ந்த பூஞ்சை. பழத்தைக் கழுவி விற்கலாம். காரணத்தை அடுத்த பூப்பில் தேட வேண்டும்.

பூச்சியின் மேல் பழி போடக்கூடாத சேதங்கள்

அல்போன்சாவை அறுத்தால் கொட்டையைச் சுற்றிச் சதை வெளிறி, பஞ்சு போலப் புளிப்பாக இருப்பது பூச்சியால் வருவதில்லை. அது பழத்தின் உடலியல் குறை. மாம்பழத்தில் பறித்த சில நாளில் கரும்புள்ளிகள் தோன்றி ஒன்றுசேர்ந்து பெரிதாவது ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை நோய். புள்ளியின் நடுவில் குத்திய துளை இல்லாததே பழ ஈயிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும். காம்பிலிருந்து கீழே வழிந்த கோடாகத் தோல் கருகியிருந்தால் அது பறிக்கும்போது பட்ட பால். பாதி பழம் கடித்துத் தின்றதாக இருந்து, மரத்தடியில் சப்பித் துப்பிய நார் உருண்டைகள் கிடந்தால் பழந்தின்னி வௌவால். இந்த நான்குக்கும் பூச்சிமருந்து அடித்தால் செலவும் எச்சமும் தவிர வேறு பயனில்லை.

மருந்து தேவைப்படும்போது

பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு மருந்து வாங்குவதில் ஆபத்து உண்டு. மாவுக்கு நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்ட கார்பரில், ஃபென்தியான் இரண்டும் 2018 ஆகஸ்டில் வெளியான ஆணையால் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டன. வேறு சில மருந்துகளுக்குக் குறிப்பிட்ட பயிர்களில் மட்டும் தடை வந்துள்ளது. எனவே கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை விரிவாக்க மையத்தில் கேட்டு, லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே லேபிளில் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள் எண்ணிக்கையும் இருக்கும். அந்த நாள்கள் பறிக்கும் தேதிக்கு முன் முடியவில்லை என்றால் தெளிக்கவே கூடாது. பழுத்த பழத்தைக் கழுவாமலே கடித்துத் தின்னும் குழந்தைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் காலை வேளையில் தெளித்தால் தேனீ போகும், அதோடு காய்ப்பிடிப்பும் போகும்.

பறித்த பின்

மேலுள்ளவற்றைச் செய்தும் சில பழங்களில் முட்டை இருக்கவே செய்யும். மாம்பழத்தை 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 60 நிமிடம் மூழ்க வைத்தால் உள்ளிருக்கும் பழ ஈயின் முட்டையும் இளம்புழுவும் இறக்கும். 2014 மே மாதம் பழ ஈ காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குக் கதவடைத்து 2015 தொடக்கத்தில் திறந்தபோது, ஏற்றுமதிக் கூடங்களில் இந்த வெந்நீர் முறைக்கு முதன்மை கிடைத்தது. இதில் தவறு நேர்வது வெப்பநிலையில்தான். தொட்டியின் ஒரு மூலையில் 48 காட்டினாலும் நடுவில் குறைவாக இருந்தால் புழு பிழைக்கும். சில டிகிரி கூடினால் தோல் வெந்து, பழம் சீராகப் பழுக்காது. தண்ணீரைச் சுழலவிட்டு, வெப்பமானியைப் பல இடங்களில் வைத்துப் பார்த்து, முற்றிய காயை மட்டும் மூழ்கச் செய்ய வேண்டும். எடுத்த பின் குளிர்ந்த நீரில் ஆற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈ புகாத வலையடைப்பில் அடுக்குங்கள். திறந்த கொட்டகையில் பழுக்க வைத்தால் வெளியிலிருந்து வரும் ஈ மீண்டும் முட்டையிடும். சிப்பம் கட்டும் இடத்தில் கழித்த பழங்களைக் கொட்டகைக்குப் பின்னால் குவிக்காமல், தோப்பில் உதிர்ந்தவற்றைப் புதைக்கும் அதே குழியில் அன்றைக்கே போட்டு மூடிவிட வேண்டும்.